ஒரு பழைய கவுன வெச்சு, அத போட்டிருந்தவங்கள தேடறது எப்படி

பெண்கள் டிரெஸ்ஸோட வரலாற தேடணும்னு ஆசப்படறவங்க முதல்ல பண்றது, எந்த வருஷம் என்ன ஃபேஷன்னு ஒரு பட்டியல் எடுத்து வெச்சு படிக்கறதுதான். நானும் அதத்தான் பண்ணேன், ஆறு மாசம் போச்சு, பாவாடை எப்ப அகலமாச்சு எப்ப சுருங்குச்சுன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், ஆனா அத போட்டுட்டு மாடிப்படி ஏறினவங்க யாரு, துவைச்சவங்க யாரு, காசு எங்க வெச்சுக்கிட்டாங்கன்னு யாராவது கேட்டா திருதிருன்னு முழிப்பேன்.

அப்புறம் ஒரு ஃப்ரெண்டு, அவங்க பாட்டி பெட்டில கெடந்துச்சுன்னு ஒரு நீல காட்டன் கவுன கைல குடுத்தாங்க. லேபிள் கெடையாது, தேதி கெடையாது, வீட்டுலயே தச்சது. அந்த ஒரு கவுன்ல நான் கத்துக்கிட்டது அந்த ஆறு மாசத்துல கத்துக்கல. அதனால நான் சொல்ற முதல் விஷயம், ஒரு நூற்றாண்ட எடுத்துக்காதீங்க, ஒரே ஒரு துணிய எடுத்துக்கோங்க, இல்லன்னா ஒரே ஒரு பொண்ண, அதுவும் இல்லன்னா "பாக்கெட் எங்க இருந்துச்சு"ங்கற மாதிரி ஒரு சின்ன கேள்விய.

துணி கெடச்சா துவைக்காதீங்க. கறைதான் அதுல பாதி விஷயமே, அக்குள் கறை, முன்பக்கம் பட்ட எண்ணெய், கீழ் ஓரத்துல சேறு, எல்லாம் ஒரு துவைப்புல போயிடும். ஹேங்கர்ல மாட்டாதீங்க, தோள்பட்டை கிழிஞ்சிடும். மேஜை மேல சுத்தமான வெள்ளைத் துணி விரிச்சு, மோதிரம் வளையல கழட்டிட்டு, கைய கழுவி நல்லா தொடச்சிட்டு விரிச்சு போடுங்க. 19ஆம் நூற்றாண்டு பச்சை நெறத் துணி, பச்சை செயற்கைப் பூ ஏதாவதுன்னா மட்டும் ரப்பர் கையுறை போட்டே தொடுங்க, அந்தக் காலத்து பளிச் பச்சை நெறையல ஆர்சனிக்ங்கற விஷம் இருந்துச்சு, அதப் பத்தி கீழ வர்றேன்.

இப்ப உள்பக்கத்த வெளிய திருப்புங்க. தச்சவங்க, பிரிச்சவங்க, மறுபடி தச்சவங்க எல்லாரோட தடமும் உள்ளதான் இருக்கும். என் நீல கவுன்ல இடுப்புல ரெண்டு தடவ பிரிச்சு விட்டிருக்காங்க, பழைய தையல் ஓட்டை வரிசையா புள்ளி புள்ளியா தெரியுது, உள்ள ஒளிஞ்சிருந்த துணி மட்டும் வெளுக்காம கருநீலமா ஒரு பட்டையா இருக்கு. கீழ் மடிப்பையும் ஒரு தடவ எறக்கியிருக்காங்க. வலது முழங்கைல ஒரு ஒட்டு, இடது கைல ஒண்ணும் இல்ல, ஒட்டு போட்ட துண்டு சுத்தி இருக்கற துணிய விட கருப்பா இருந்துச்சு, கடைசில பாத்தா அத இந்த கவுனோட உள்மடிப்புலேர்ந்தே வெட்டி எடுத்திருக்காங்க. ஆக போட்டவங்க வலது கைய எதுலயோ ஊனி வேல பாத்திருக்காங்க, உடம்பு ரெண்டு தடவ மாறியிருக்கு, புது துணி வாங்கற நெலமை இல்லன்னாலும் தையல் நல்லா தெரிஞ்சவங்க வீட்டுல இருந்திருக்காங்க. பிள்ளத்தாச்சியா இருந்தாங்களான்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, வயசானாலும் இடுப்பு பெருக்கும்.

தேதி கண்டுபிடிக்கறதுக்கு ஒரே ஒரு விதிதான். துணில இருக்கறதுலயே எது லேட்டஸ்ட்டோ, அதுக்கு முன்னாடி அது இந்த ரூபத்துல இருந்திருக்க முடியாது. தையல் மெஷின எலியாஸ் ஹோவ் 1846ல பேட்டண்ட் பண்ணாரு, ஐசக் சிங்கர் 1851ல, வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது அதுக்கப்புறம்தான், அதனால ஒரு கவுன் முழுக்க மெஷின் தையல்னா 1850களுக்கு முன்னாடி போகாது. ஆனா கைத்தையல்னா ரொம்ப பழசுன்னு அர்த்தமில்ல, மெஷின் வாங்க முடியாதவங்களும் கையிலயே தச்சு பழகினவங்களும் ரொம்ப காலம் கையிலயேதான் தச்சாங்க. ஜிப்ப கிடியன் சண்ட்பேக் சரியா வேலை செய்யற மாதிரி வடிவமைச்சது 1913ல, பெண்கள் கவுன்ல அது சாதாரணமானது 1930கள்ல. நைலான் ஸ்டாக்கிங்ஸ் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1940 மே 15. பிரிட்டன்ல தச்ச துணில ரெண்டு பாதி நிலா மாதிரி சி எழுத்தும் 41ம் போட்ட லேபிள் இருந்தா அது இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஆரம்பிச்ச யுடிலிட்டிங்கற அரசாங்க சிக்கனத் திட்டத்து துணி, 1941லேர்ந்து 1952 வரைக்கும்தான்.

இதுல நானே வழுக்கி விழுந்தேன். நீல கவுனோட இடது பக்கம் பிளாஸ்டிக் ஜிப் இருக்கறத பாத்துட்டு 1960கள்னு நோட்டுல கொட்ட எழுத்துல எழுதி, ஃப்ரெண்டு கிட்டயும் சொல்லி, அவங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு லென்ஸ் வெச்சு பாக்கறேன், ஜிப் தச்ச நூல் வேற நீலம், அதுக்கு பக்கத்துலயே ப்ரெஸ் பட்டன் தச்சு எடுத்த ஓட்டைங்க குட்டி குட்டி கூட்டமா இருக்கு. ஜிப் பின்னாடி மாத்தினது. துணி அதுக்கு இருபது வருஷம் முன்னாடி. அதனால ஜிப், பட்டன், லைனிங் இதெல்லாம் மாத்தக்கூடியதுன்னு முதல்லயே மண்டைல ஏத்திக்கோங்க, நூல் ஒத்துப் போகுதான்னு பாக்காம வாயத் தொறக்காதீங்க.

என்ன துணின்னு தெரியலன்னா, உள் ஓரத்துல தானா உதிர்ந்து தொங்கற ஒரு இழைய மட்டும் எடுத்து இடுக்கில புடிச்சு கொளுத்திப் பாக்கலாம். காகிதம் எரிஞ்ச வாசனையும் லேசான சாம்பலும் வந்தா பருத்தி, லினன் வகை. முடி பொசுங்கற நாத்தம்னா கம்பளி இல்லன்னா பட்டு. உருகி கெட்டியா ஒரு மணி மாதிரி நின்னா செயற்கை இழை. மியூசியம் துணில இத பண்ணா உங்கள வெளிய தள்ளிடுவாங்க, நியாயம்தான்.

நெறத்த நம்பாதீங்க. 1856ல பதினெட்டு வயசு வில்லியம் பெர்க்கின் குவினைன் செய்யப் போய் தற்செயலா ஊதாச் சாயம் கண்டுபிடிச்சாரு, அங்கேர்ந்துதான் செயற்கைச் சாயம் ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் செடி, வேர், பூச்சிலேர்ந்து எடுத்தது. பழசு எல்லாமே பழுப்பு, மங்கல்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கு, அது வெளுத்ததுனால வந்த படம். டென்மார்க்ல 1879ல சதுப்பு நிலத்துல கெடச்ச ஹுல்ட்ரமோஸ பொண்ணோட கம்பளி பாவாடை பழுப்பாத்தான் இருந்துச்சு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு, பின்னாடி சாயத்த சோதிச்சுப் பாத்தா பாவாடை நீலமாம், கழுத்துல சுத்தியிருந்தது சிவப்பாம்! அதனால எப்பவும் வெயில் படாத உள்மடிப்ப பாருங்க.

போட்டோவும் அப்படித்தான் ஏமாத்தும். 1850கள்லேர்ந்து 1880 வாக்குல வரைக்கும் ஓடின, ஈர ரசாயனம் பூசின தகட்டுல படம் எடுக்கற ஈரத் தட்டு முறைல நீலம் கிட்டத்தட்ட வெள்ளையா விழும், சிவப்பும் மஞ்சளும் கருப்பா விழும். பாட்டியோட பாட்டி துக்கத்துல கருப்பு உடுத்தியிருக்காங்கன்னு நீங்க உருகி எழுதற போட்டோல அவங்க சிவப்பு கவுன்ல ஜம்முனு உக்காந்திருக்கலாம். தகட்டுல நேரா எடுத்த படங்கள், அதாவது டாகேரோடைப், டின்டைப் ரெண்டும், கண்ணாடில பாக்கற மாதிரி இடம் வலம் மாறியிருக்கும், பட்டன் எந்தப் பக்கம், மோதிரம் எந்தக் கைன்னு பாத்து முடிவு கட்டறதுக்கு முன்னாடி இத நெனச்சுக்கோங்க. அப்புறம் ஸ்டூடியோவுக்கு யாரும் பாத்திரம் தேய்க்கற டிரெஸ்ல போக மாட்டாங்க. அது இருக்கறதுலயே நல்லது, சில சமயம் கடன் வாங்கினது.

அடுத்தது மியூசியம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், ஜப்பான்ல கியோட்டோ காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட், மூணுலயும் ஆன்லைன்லயே நெறைய துணிய பெரிசு பண்ணி பாக்கலாம். பாருங்க, ஆசையா பாருங்க, ஆனா ஒண்ணு மறக்காதீங்க, அங்க இருக்கறது மிஞ்சின துணி. கல்யாண கவுன், பார்ட்டி கவுன், ஒரு தடவ போட்டு பெட்டில வெச்சதுதான் மிஞ்சும், தெனமும் போட்டது கிழிஞ்சு, ஒட்டுப் போட்டு, அப்புறம் கொழந்தைக்கு சட்டையாகி, அப்புறம் தரை தொடைக்கற துணியாகி காணாம போயிடும். "அந்தக் காலத்து பொண்ணுங்க எல்லாம் எவ்ளோ ஒல்லி"ன்னு சொல்றாங்களே, அதுவும் இதனாலதான் பாதி. பெரிய சைஸ் துணிய வெட்டி இன்னொருத்தருக்கு தைக்கலாம், சின்னதுல ஒண்ணும் தேறாது, அதனால சின்னது அப்படியே தங்கிடுச்சு. இடுப்ப இறுக்கிக் கட்டற கார்செட்டோட அளவும் நம்பக்கூடாது, பின்னாடி கயிறு கட்டற எடத்துல இடைவெளி விட்டுத்தான் போட்டாங்க, கார்செட்ட மூடி வெச்சு அளந்தா வர்ற அளவு உடம்போட அளவு இல்ல.

அப்ப கிழிஞ்சு போன துணிய எங்க தேடறது? காகிதத்துலதான். எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இது, கொஞ்சம் நீட்டி எழுதறேன், பொறுத்துக்கோங்க.

துணி திருடு போனா கோர்ட்டுல பட்டியல் போடுவாங்க. லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டோட 1674லேர்ந்து 1913 வரைக்குமான வழக்கு விவரம் ஆன்லைன்ல இலவசமா இருக்கு, வார்த்தை போட்டு தேடலாம். டிரெஸ்னு தேடாதீங்க, அந்தக் காலத்துல அப்படி சொல்லல, கவுன், பெட்டிகோட், ஷிஃப்ட் (உள்ள போடற நீளச் சட்டை), ஸ்டேஸ் (கார்செட் மாதிரி), ஏப்ரன், பாக்கெட்னு தேடுங்க, பெட்டிகோட்ங்கறது அப்ப உள்பாவாடை மட்டும் இல்ல, வெளிய தெரியற பாவாடைக்கும் அதுதான் பேரு. ஒரு வேலைக்காரப் பொண்ணு தன்னோட பெட்டில என்னென்ன இருந்துச்சுன்னு கோர்ட்டுல ஒண்ணு ஒண்ணா சொல்றப்ப, எந்த மியூசியத்துலயும் இல்லாத ஒரு அலமாரி கண்ணு முன்னாடி தொறக்கும். ஆனா அங்க எழுதியிருக்கற விலைய அப்படியே எடுத்துக்காதீங்க. ஒரு வீட்டுக்குள்ளேர்ந்து 40 ஷில்லிங்கோ அதுக்கு மேலயோ பெறுமான பொருள் திருடினா தூக்குங்கற சட்டம் இருந்தப்ப, ஜூரிங்க இரக்கப்பட்டு 39 ஷில்லிங்னு மதிப்பு போட்டு ஆள காப்பாத்தியிருக்காங்க. 39னு பாத்தா அது துணியோட விலை இல்ல, ஒரு உயிரோட விலை.

பாக்கெட் விஷயம் நெஜமாவே இந்த வழக்குலதான் எனக்கு புரிஞ்சுது. 18ஆம் நூற்றாண்டுல பெண்கள் பாக்கெட் துணியோட சேத்து தச்சது இல்ல, ஒரு நாடால கோத்து இடுப்புல கட்டிக்கற தனிப்பை, பாவாடைக்கு அடில இருக்கும், பாவாடை பக்கவாட்டுல இருக்கற பொளவு வழியா கைய விட்டு எடுக்கணும். நாடாவ அறுத்து பாக்கெட்டோட தூக்கிட்டு போனான்னு வழக்கு வரும், உள்ள என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க, சாவி, கைவிரலுக்கு போடற தையல் தொப்பி, காசு, கைக்குட்டைன்னு வரிசையா வரும். வீட்டுல தனியா பூட்டி வெச்சுக்க ஒரு அலமாரி கூட இல்லாத ஒருத்திக்கு சொந்தமான எடம்னா அந்தப் பைதான்.

அதே லண்டன்ல ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்னு ஒண்ணு, வளக்க முடியாத கொழந்தைகள தாய்ங்க விட்டுட்டு போற இடம், 1741ல கொழந்தைகள சேத்துக்க ஆரம்பிச்சாங்க. பின்னாடி திரும்ப வந்து கேட்டா அடையாளம் தெரியணுமேன்னு ஒரு துண்டு துணிய வெட்டி ரெஜிஸ்டர்ல குத்தி வெப்பாங்க. 1741லேர்ந்து 1760க்குள்ள மட்டும் சுமார் 5,000 துண்டு இருக்கு. ஏழைப் பெண்கள் போட்ட சாதாரண பருத்தி, லினன், பூப்போட்டது, கோடு போட்டது எல்லாம் நெறம் மங்காம இருக்குன்னா, புத்தகத்துக்குள்ள வெளிச்சம் படாம இருந்ததாலதான். 1767ல சாரா பெண்டர்னு ஒருத்தி ஒட்டுத் துணி ஒண்ணுல செவப்பு நூல்ல ஒரு இதயம் தச்சு, அத ரெண்டா வெட்டி பாதிய பையனோட விட்டுட்டு பாதிய தான் எடுத்துட்டு போனா. எட்டு வருஷம் கழிச்சு 1775ல திரும்ப வந்து மகன கூட்டிட்டு போனா. திரும்ப வந்து வாங்கிட்டு போனது ரொம்ப ரொம்ப கொஞ்சம் பேரு.

இதோட சேத்து விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ல இருக்கற பார்பரா ஜான்சன் ஆல்பத்தையும் பாருங்க. பாதிரியார் வீட்டுப் பொண்ணு, 1746ல சின்ன வயசுல ஆரம்பிச்சு 1823 வரைக்கும், தான் தச்சுக்கிட்ட ஒவ்வொரு டிரெஸ்ஸோட துண்டையும் குத்தி, எத்தன கெஜம், என்ன விலை, எதுக்குன்னு எழுதி வெச்சிருக்கா. ரெண்டும் துணித் துண்டு குத்தின புத்தகம்தான், ஒண்ணு எழுதினவளோட சந்தோஷம், இன்னொண்ண எழுதினது ஆபீஸ் கிளார்க். உங்க கைல ஒரு ஆவணம் கெடச்சா அத யாரு எழுதினாங்க, எதுக்கு எழுதினாங்கன்னு முதல்ல கேளுங்க.

சட்டத்தயும் விடாதீங்க. எத தடை பண்ணாங்களோ அத நெறைய பேரு போட்டாங்கன்னு அர்த்தம். இந்தியாலேர்ந்து போன பூப்போட்ட பருத்தித் துணிய லண்டன்ல பெண்கள் விரும்பிப் போட்டதால 1719ல நெசவாளர்கள் தெருவுல போற பெண்கள் மேலேர்ந்து துணிய கிழிச்சிருக்காங்க, 1721ல தடைச் சட்டமே வந்துச்சு. பாரிஸ்ல 1800லேர்ந்து பெண்கள் பேண்ட் போடணும்னா போலீஸ் கிட்ட அனுமதி வாங்கணும், ஓவியர் ரோசா பொன்னர் 1857ல அந்த அனுமதி வாங்கினாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். அந்த உத்தரவு செல்லாதுன்னு அரசாங்கம் வெளிப்படையா சொன்னது 2013ல. பிரிட்டன்ல 1941 ஜூன் 1லேர்ந்து துணிக்கு ரேஷன், முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன், ஒரு கம்பளி கவுனுக்கே 11 போயிடும், ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடிக்கு 2. இந்தக் கணக்க மனசுல வெச்சுட்டு அந்தக் காலத்து ஒட்டுப் போட்ட கவுன பாருங்க.

போட்டவங்கள தேடியாச்சு, தச்சவங்க? அதுக்கு தொழில் விவரம் இருக்கற சென்சஸ், ஊர் டைரக்டரி, திடீர் சாவு விசாரணை, யூனியன் ரெக்கார்ட்னு போகணும். லண்டன்ல 1861ல மட்டில்டா ஷோயரர்னு 19 வயசுப் பொண்ணு, செயற்கை இலைக்கு பச்சைப் பொடி தூவற வேலை, ஆர்சனிக் விஷம் ஏறி செத்துப் போனா, அவளப் பத்தி நமக்கு தெரியறதே அந்தச் சாவு பேப்பர்ல வந்ததாலதான். நியூயார்க்ல 1911 மார்ச் 25, ட்ரையாங்கிள் ஃபேக்டரி தீ, 146 பேரு செத்தாங்க, பெரும்பாலும் இளம் பெண்கள், கதவு பூட்டியிருந்துச்சு, அவங்க தச்சது அப்ப வேலைக்கு போற பொண்ணுங்க ஆசையா வாங்கின ஷர்ட்வெய்ஸ்ட் ப்ளவுஸ். தப்பிச்சவங்க கோர்ட்டுல சொன்னதெல்லாம் கார்னெல் யூனிவர்சிட்டி ஆர்கைவ்ஸ்ல படிக்கலாம். அடிமையா பொறந்து, 1,200 டாலர் குடுத்து தன்னையும் மகனையும் மீட்ட எலிசபெத் கெக்லி, லிங்கன் மனைவிக்கு கவுன் தச்சவங்க. ஜாக்குலின் கென்னடியோட 1953 கல்யாண கவுன தச்சது ஆன் லோ, கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி பட்டறைல தண்ணி பூந்து கவுன் நாசமாகி, சொந்த நஷ்டத்துல மறுபடி தச்சு குடுத்தாங்க, ஆனா கல்யாணச் செய்திகள்ல அவங்க பேரு தேடினாலும் சுலபத்துல கெடைக்காது.

பேரு தேடறப்ப ஒரு சிக்கல். கல்யாணம் ஆனதும் பேரு மாறும், நெறைய ரெக்கார்டுல புருஷன் பேரோட "திருமதி" மட்டும்தான் இருக்கும், சென்சஸ்ல தொழில் கட்டம் காலியா விட்டிருப்பாங்க. காலியா இருந்தா வேலை செய்யலன்னு எழுதிடாதீங்க, வீட்டுல உக்காந்து ஊருக்கே தச்சுட்டு இருந்திருப்பாங்க, எண்ண வந்தவரு கேட்டிருக்க மாட்டாரு. பொறந்த வீட்டுப் பேரு, கல்யாணப் பதிவுல சாட்சி கையெழுத்து, கொழந்தைங்க பொறந்த பதிவுன்னு சுத்தி வாங்க.

உயிரோட இருக்கற பெரியவங்க இருந்தா முதல்ல அவங்ககிட்ட போங்க, ஆர்கைவ்ஸ் எங்கயும் ஓடாது. "அப்ப என்ன போடுவீங்க"ன்னு கேட்டா ஏதோ பொதுவா சொல்லுவாங்க. துணிய கைல குடுத்துட்டு கேளுங்க. இத யாரு துவைப்பாங்க, எத்தன நாள் போட்டு துவைப்பீங்க, மாசத்துல அந்த நாள்ல என்ன பண்ணுவீங்க, காசு எங்க ஒளிச்சு வெப்பீங்க, எந்த டிரெஸ் போட்டதுக்கு அடி வாங்கினீங்க. கடைசி கேள்விக்குத்தான் பதில் நீளமா வரும். ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க, வெளில போடறதுக்கு தனியா இன்னொரு தடவ கேளுங்க.

நோட்டு எழுதறப்ப கண்ணால பாத்தத ஒரு கலர் பேனால, வேற எங்கயோ படிச்சத இன்னொரு கலர்ல, நானா நெனைக்கறத பென்சில்ல எழுதறேன். ஜிப் கதைக்கப்புறம் வந்த பழக்கம், பென்சில்னா அழிக்கலாம்ல.

நீல கவுனுக்கு வருவோம். ஃப்ரெண்டு வீட்டுல பாட்டியோட போட்டோ எல்லாத்தயும் போட்டு அலசினோம், ஒண்ணுல கூட அவங்க அந்த கவுன் போடல, கருப்பு வெள்ளைல எல்லாமே நல்ல டிரெஸ். விட்டுடலாம்னு இருந்தேன். அப்புறம் பாட்டியோட தம்பி சின்னப் பையனா ஒரு நாயோட நிக்கற போட்டோ, அதுல பின்னாடி கொடில நாலஞ்சு துணி காயுது, அதுல ஒண்ணு இடுப்புல அதே வெட்டு, அதே காலர். அதேதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், வலது கை மடிஞ்சு தொங்குது, ஒட்டு இருக்கற எடம் தெரியல. நோட்டுல பென்சில்லதான் எழுதியிருக்கேன்.